பகல் பூரா வெல்லத்தை யார் பார்த்துக்கொள்வது?

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸுக்கு வந்தே தீர வேண்டும் என்று மெயில் வந்தபோது எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, வெல்லத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். வெல்லம் எங்கள் நாய். நாட்டு நாய், பெண், கருத்தடை ஆகிவிட்டது, பெயருக்கேற்ற நிறம். 2021 லாக்டவுன் சமயத்தில் மேடவாக்கத்தில் எங்கள் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கிடந்த குட்டி. அந்த வருடம் வீட்டுக்கு வந்த நாய்களை வளர்ப்பவர்கள் பலருக்கும் இதே தலைவலி இருக்கிறது. வீடு என்றால் அதில் எந்நேரமும் ஒருவர் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இதுதான் அந்த நாய்களுக்குத் தெரிந்த உலகம். நான் சிறுசேரிக்கும் வீட்டுக்காரர் கிண்டிக்கும் ஒரே நாளில் கிளம்பினால் காலை எட்டரையிலிருந்து மாலை ஏழு வரை வீட்டில் ஆள் கிடையாது. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் திருப்பிவிடுகிற நாளில் அந்த ஏழு எட்டாகும்.

சொந்தக்காரர்களிடம் சொன்னால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "நாய்தானே, கட்டிப் போட்டுட்டுப் போ." ஊரில் அம்மா வீட்டு நாய்க்கு யாரும் டே கேர் (பகல் நேரக் காப்பகம்) தேடியதில்லை, வாஸ்தவம். ஆனால் அந்த நாய் ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை. திண்ணையில் பாட்டி இருப்பார், எதிரில் டீக்கடை இருக்கும், மதியம் யார் வீட்டு இலை எங்கே விழும் என்று அதற்குத் தெரியும், ஒன்றுக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் கிரில் கேட்டுக்குள் பத்து மணி நேரம் கிடப்பது முற்றிலும் வேறு பிழைப்பு. கட்டிப் போடுவது பற்றி என்னிடம் பேசவே வேண்டாம்.

சரி, நாய் தனியாக இருக்கும்போது என்னதான் செய்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் காப்பகம் தேடுவது வியாதி தெரியாமல் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிற கதைதான். பழைய போன் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும், சார்ஜரில் மாட்டி ஷெல்ஃபில் சாய்த்து வைத்துவிட்டுக் கிளம்பினால் போதும். முதல் அரை மணி நேர வீடியோவிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். கதவடியில் நின்று விடாமல் ஊளையிடுவது, எச்சில் ஒழுகி மிதியடி நனைவது, நிலைச்சட்டத்தைப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வருவது, நன்றாகப் பழகிய நாய் நீங்கள் போன கொஞ்ச நேரத்திலேயே ஹாலில் ஒன்றுக்குப் போய்விடுவது, இதெல்லாம் சேட்டை இல்லை, பயம். தனிமையைத் தாங்க முடியாத பயம். அதற்குக் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும், பழக்கும் முறை இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்கள். அடித்தால் இன்னும் மோசமாகும். அதுவே கூரியர்காரர் மணியடிக்கும்போது மட்டும் குரைப்பது, செருப்பைக் கடிப்பது, சோபா பஞ்சைப் பிடுங்குவது என்றால் பெரும்பாலும் பொழுது போகவில்லை என்று அர்த்தம், அல்லது காலை நடை போதவில்லை.

வெல்லத்தின் வீடியோ படு போர். நாங்கள் கிளம்பியதும் கதவிடுக்கை மோந்து பார்த்தாள், சோபாவில் ஏறினாள், தூங்கினாள். நடுவில் எழுந்து தண்ணீர், மறுபடி தூக்கம். வளர்ந்த நாய் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதினான்கு மணி நேரம் தூங்கும் என்று படித்திருந்தாலும், அதை இப்படி நேராகப் பார்த்தபோதுதான் மனதில் ஏறியது. நாள் முழுக்க அவளுக்கு யாரும் வேடிக்கை காட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மணிக்கு மேல் ஆள் மாறிவிட்டாள். பால்கனிக் கதவுக்கும் வாசலுக்கும் நடை, ஒரு முனகல், மறுபடி நடை. அடக்கிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் நான்கு மணி வாக்கில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தவள் நாங்கள் வரும்வரை அசையவில்லை. பிரச்சினை பத்து மணி நேரமும் இல்லை, நடுப்பகலில் இருக்கிறது. இது எங்களுக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது, ஏனென்றால் அதற்குள் நாங்கள் டே கேர் தேடக் கிளம்பியிருந்தோம்.

நாவலூர், துரைப்பாக்கம், நீலாங்கரை, வேளச்சேரி என்று இந்தப் பக்கம் டே கேருக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் தனி வீடு, சுற்றிலும் காம்பவுண்ட், பின்னால் செயற்கைப் புல் போட்ட ஒரு இடம், முடிந்தால் ஒரு சின்ன நீச்சல் தொட்டி. என்னிடம் ஒரு நாளைக்கு 500 ரூபாயிலிருந்து 900 வரை கேட்டார்கள், வண்டியில் வந்து கூட்டிப் போவது தனி. இன்ஸ்டாகிராமில் பார்த்தால் எல்லா இடமும் சொர்க்கம். அதனால் நான் வேறொரு கணக்கு வைத்துக்கொண்டேன். போன் செய்ததும் பேக்கேஜ் விலை சொல்கிற இடம் ஒரு ரகம், முதல் கேள்வியாகத் தடுப்பூசி நோட்டைக் கேட்கிற இடம் இன்னொரு ரகம். ரேபீஸ் ஊசி எப்போது, டிஸ்டம்பர், பார்வோ, லெப்டோ நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி போட்டு வருடம் ஆகிவிட்டதா, கென்னல் காஃப் என்ற தொற்று இருமலுக்கு ஊசி உண்டா, மாநகராட்சி உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் அவர்களிடம் மேற்கொண்டு பேசலாம். நம்மிடம் கேட்பவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருப்பார்கள், நமக்கு வேண்டியது அதுதான். (உரிமம் எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். சென்னை மாநகராட்சி இப்போது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருக்கிறது. உரிமம் எடுக்க ரேபீஸ் ஊசிச் சான்றும் வேண்டும்.)

நேரில் போனால் நாய்களைக் கொஞ்சுவதற்கு முன்னால் கதவைப் பாருங்கள். தெருவுக்கும் நாய்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு கதவு இருக்க வேண்டும், ஒன்று மூடிய பிறகுதான் அடுத்தது திறக்க வேண்டும். ஒற்றைக் கேட் வைத்த இடத்தில் ஸ்விக்கிக்காரர் ஒருவர் கேட்டைத் தள்ளினால் போச்சு, அந்தப் பக்கம் ஈசிஆர். சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ வைத்திருப்பவர்கள் காம்பவுண்ட் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், சிப்பிப்பாறைக்கு ஐந்தடிச் சுவரெல்லாம் ஒரு பொருட்டில்லை.

அப்புறம் சுவர் மூலை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, முன்பு ஒரு நாய் வளர்த்த வீட்டில் இருந்தவர். சென்னையில் நாய்களிடம் ஒட்டும் பழுப்பு உண்ணி ரத்தம் குடித்து வீங்கியதும் கீழே விழுந்து, சுவரில் ஏறி விரிசலுக்குள் முட்டையிடும். அதனால் நாயின் மேல் மட்டும் தேடினால் போதாது, கூண்டுக்குப் பின்னால், கதவு கீல் பக்கம், ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்த சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே, மிளகளவுக்கு சாம்பல் நிறத்தில் இரண்டு ஏறிக்கொண்டிருந்தன. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். உண்ணி கடித்து வரும் டிக் ஃபீவர் என்பது சின்ன விஷயமில்லை, வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரிசையில் ஒரு காலை நின்றால் யாரும் சொல்லத் தேவையில்லை, சோர்ந்து, ஈறு வெளுத்து, சில சமயம் மூக்கில் ரத்தம் வழிந்து நாய்கள் வரும். மாதாமாதம் உண்ணிக்கு மாத்திரையோ மருந்தோ கொடுக்காமல் எந்த டே கேருக்கும் அனுப்பாதீர்கள்.

தரையையும் பார்க்க வேண்டும். வழவழ டைல்ஸில் நாய் ஓடினால் கால் விரிந்து விழும், லேப்ரடார் மாதிரி கனத்த நாய்க்கு இடுப்பு போய்விடும், ரப்பர் பாய் விரித்திருந்தால் நல்லது. உள்ளே நுழைந்ததும் பினாயில் வாடை மூக்கைத் துளைத்தால் சுத்தம் என்று சந்தோஷப்பட வேண்டாம், நாய் நாள் முழுக்கத் தன் பாதத்தை நக்கிக்கொண்டிருக்கும் பிராணி. பார்வோ வைரஸுக்குச் சாதாரண பினாயில் ஒரு பொருட்டே இல்லை, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதைக் கொல்ல ப்ளீச்சிங் கரைசல் போட வேண்டும். எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள், எத்தனை தண்ணீர் கலக்கிறீர்கள் என்று அங்கே வேலை பார்க்கும் பையனிடம் கேளுங்கள், முதலாளியிடம் வேண்டாம். பையனுக்குத் தெரிந்திருந்தால் அந்த இடம் உருப்படியானது. தடுப்பூசி எல்லாம் முடியாத குட்டியை எங்கேயும் அனுப்பக்கூடாது, இதில் பேச்சே இல்லை.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பது என் அடுத்த கேள்வி. ஏப்ரல், மே மாதத்தில் சென்னையில் நாற்பது டிகிரி அடிக்கும்போது நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக், ஷிட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய்களால் அதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது, மூடிய அறையில் ஏசி நின்றால் கொஞ்ச நேரத்திலேயே ஆபத்து. ஹஸ்கியைச் சென்னையில் வளர்ப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அது வேறு பதிவு.

இதையெல்லாம் தாண்டி ஒரு இடம் தேறியது. இரட்டைக் கதவு, நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், பெரிய நாய் சின்ன நாய் தனித்தனி, ஒரு ஆளுக்கு ஏழெட்டு நாய். என்னைப் பொறுத்தவரை ஒரு ஆளுக்குப் பத்தைத் தாண்டினால் அது மேய்ச்சல், கவனிப்பு இல்லை. அங்கே இருந்த பையன் ஒருவன், ஒரு கோல்டன் ரிட்ரீவர் இன்னொரு நாயின் முதுகில் ஓயாமல் ஏறிக்கொண்டிருந்தபோது, கத்தவில்லை, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் பக்கவாட்டில் போய் நின்றான், அவ்வளவுதான், இரண்டும் விலகிவிட்டன. அவனைப் பார்த்துத்தான் நான் பணம் கட்டினேன். போகிற வழியிலேயே இடம் இருந்ததும் ஒரு காரணம், ஆபீஸுக்கு எதிர்த்திசையில் டே கேர் வைத்துக்கொண்டு யாரும் இரண்டாவது வாரத்தைத் தாண்டியதாக எனக்குத் தெரியவில்லை.

மாலையில் வாட்ஸ்அப்பில் வரும் செய்தி, "வெல்லம் சூப்பரா அட்ஜஸ்ட் ஆயிட்டா மேம், சத்தமே போடல." கூடவே ஒரு போட்டோ. போட்டோவில் ஏதோ இடித்தது, முழு நாள் கேமரா பதிவைக் கேட்டேன், கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவரை ஒட்டி, கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். காது பின்னால் மடங்கியிருக்கிறது, வால் வயிற்றுக்குள். ஒரு பீகிள் வந்து முன்னங்காலைத் தாழ்த்தி விளையாடக் கூப்பிடுகிறது, இவள் உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், கொட்டாவி விடுகிறாள். தூக்கம் வந்து விடுகிற கொட்டாவி இல்லை அது, பதற்றம். மதியம் மற்ற நாய்களை ஓய்வு அறைக்குக் கூட்டிப் போகிறார்கள், அங்கேயும் படுக்கவில்லை, தலை தொங்கத் தொங்க உட்கார்ந்தே இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அடித்துப் போட்டது போல் தூங்கியதை நாங்களும் "நல்லா விளையாடியிருக்கா" என்றுதான் எடுத்துக்கொண்டோம். அந்த இடத்தின் மேல் எனக்குக் குறையில்லை, சத்தம் போடாத நாயை சந்தோஷமான நாய் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான் எரிச்சல். இதையே அங்கே சொன்னபோது, "நாட்டு நாய்னா அப்படித்தான் மேம், லேப் எல்லாம் சீக்கிரம் மிங்கிள் ஆகும்" என்றார்கள். எதிர்வீட்டு நாட்டு நாய் குண்டன் தெருவில் உள்ள எல்லா நாய்க்கும் சம்பந்தி, அவனை அனுப்பினால் அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிடுவான். ஜாதியில் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சுபாவம்.

கூட்டம் பிடித்த நாய்க்கு டே கேர் அருமையான இடம், அதை மறுக்கவில்லை. இரண்டு வயசு லேப்ரடார், வீட்டில் சுவரைத் தின்கிறது என்றால் வாரத்தில் இரண்டு நாள் அனுப்புங்கள். தினமும் வேண்டாம், நாள் பூரா ஓடிப் பழகிய நாய்க்கு வீட்டில் சும்மா இருக்கவே வராது. ஆனால் என்னைப் போன்ற பலர் முதலில் டே கேருக்கு ஓடுவது நாய்க்காக இல்லை, விட்டுவிட்டுப் போகிறோமே என்று உறுத்துவதால். நாய்க்கு அந்த உறுத்தல் எல்லாம் தெரியாது. முக்கால்வாசி நாய்களுக்குத் தேவை நடுப்பகலில் ஒரு தெரிந்த ஆள், பத்து நிமிட நடை, ஒரு கிண்ணம் தண்ணீர், அப்புறம் தன் சொந்த சோபா.

அந்த ஆள் எங்களுக்குக் கீழ் வீட்டிலேயே இருந்தார். கீழ் வீட்டு ஆன்ட்டி. அவருடைய கணவர் ரிட்டயர் ஆனவர், பிள்ளைகள் வெளியூர், ஆன்ட்டிக்கு வெல்லத்தை ஏற்கனவே பிடிக்கும். பணம் பேசத்தான் கூச்சமாக இருந்தது. "நாய்க்கு ஒண்ணுக்கு விடறதுக்கு காசா, போம்மா" என்றார். இல்லை ஆன்ட்டி, காசு வாங்கினால்தான் நான் தைரியமாகக் கேட்க முடியும், உங்களுக்கு முடியாத நாளில் முடியாது என்று நீங்களும் சொல்ல முடியும் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். பக்கத்து வீடு, தெரிந்தவர் என்று இனாமாக ஆரம்பிக்கிற ஏற்பாடுகள் மூன்றாவது மாதம் மனஸ்தாபத்தில் முடிவதை நிறையப் பார்த்தாயிற்று.

சாவியைக் கொடுப்பதற்கு முன் நான் வீட்டில் இருக்கும் நாட்களிலேயே அவர் வந்து பழகினார். கதவைத் திறப்பதற்கு முன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) மாட்ட வேண்டும், மாட்டிய பிறகுதான் கிரில்லைத் திறக்க வேண்டும். பட்டாசுச் சத்தம் கேட்டால் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடுவது நாய்களுக்குச் சாதாரணம், ஹார்னஸில் அது கஷ்டம். மதிய வெயிலில் தார் ரோடு கிடையாது, பின்னால் வேப்பமரத்தடி மண்தான். புறங்கையை ஐந்து விநாடி தரையில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவளுக்கும் சுடும் என்றேன், மறுநாளிலிருந்து ஆன்ட்டி அதை அபார்ட்மென்ட் குழந்தைகள் எல்லோருக்கும் செய்து காட்ட ஆரம்பித்துவிட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் இழுபறி. ஆன்ட்டி வெறும் கையோடு வர மாட்டார். மேரி பிஸ்கட் ஒன்று சரி என்று விட்டுவிட்டேன். வெங்காய பஜ்ஜி, கேசரியில் இருக்கும் திராட்சை, சாக்லேட், சுகர் ஃப்ரீ சமாச்சாரம் எதுவும் கூடவே கூடாது என்று ஃப்ரிட்ஜில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், திராட்சை கிட்னியைப் பாதிக்கும் என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னதும்தான் எடுபட்டது, வெறுமனே "கொடுக்காதீங்க" என்றால் பெரியவர்களிடம் நடக்காது. மிச்ச நேரத்துக்கு, உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் கெட்டியாகப் பிசைந்த உப்பில்லாத தயிர் சாதத்தை அடைத்து ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். காலையில் கிளம்பும்போது அதைக் கொடுத்தால், நாங்கள் போவதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது.

அசோசியேஷனில் ஒருவர், வீட்டு ஓனர் இல்லாதபோது நாய் லிஃப்டில் வரக்கூடாது என்று ஆரம்பித்தார். 2024-ல் ஆயிரம் விளக்குப் பூங்காவில் ராட்வைலர்கள் ஒரு சின்னப் பெண்ணைக் கடித்ததிலிருந்து எல்லோருக்கும் பயம், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதே சமயம் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்க்கோ அது லிஃப்டில் வருவதற்கோ தடை போட முடியாது என்று இருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோனேன், ஆனால் வேலை செய்தது பிரின்ட் இல்லை. உரிமம், ஊசிச் சான்று இரண்டின் நகலையும் செக்யூரிட்டியிடம் கொடுத்து, மதியம் ஆன்ட்டி படிக்கட்டிலேயே கூட்டிப் போவார், அசிங்கம் செய்தால் அள்ளிவிடுவார் என்று சொன்னதும் விஷயம் அடங்கியது.

எல்லாருக்கும் இந்த ஏற்பாடு சரிவராது. குட்டியாக இருந்தால் நடுப்பகலில் ஒரு தடவை போதாது, மூன்று மாதக் குட்டியால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அந்த வயதில் இருவரில் ஒருவர் வீட்டில் இருக்க வழியில்லை என்றால் குட்டியை வாங்குவதையே தள்ளிப்போடுங்கள் என்பேன். வயசான நாய், சர்க்கரை உள்ள நாய், ஊசி போட வேண்டிய நாய் என்றால் காசு கொஞ்சம் கூட ஆனாலும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். பக்கத்தில் யாருமே இல்லாதவர்கள் வாக்கிங் கூட்டிப் போகும் பையன்களை அமர்த்துகிறார்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரே நேரத்தில் நான்கு நாயைக் கையில் பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டு போகிறவரா என்று ஒரு நாள் தூரத்தில் நின்று பாருங்கள்.

இப்போதைக்கு எங்கள் கவலை தீபாவளி. ஆன்ட்டி பெண் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போகிறார், அந்த வாரத்துக்கு நாயை ராத்திரியும் தங்க வைக்கும் நல்ல போர்டிங் எல்லாம் ஏற்கனவே நிரம்பிவிட்டது, நிரம்பாத இடத்தின் சுவரில் என்ன ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் லீவு போடுவதா, வீட்டுக்காரர் போடுவதா என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.